ஆளுநர் வருகிறார், கச்சான் அடிக்கிறது: சேவைக்கு யாருடைய நாட்காட்டி?

ஜூலை பிறந்தால் மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை நம்ம கரையோர ஊர்களில் இரண்டு சீசன் ஒன்றாகத் தொடங்கும். ஒன்று கச்சான் காத்து. மற்றது பதவியேற்பு விழா. புதிய தலைவர், புதிய செயலாளர், புதிய பெனர். அதுக்குப் பின்னால் ஆளுநர் விஜயம். ஒரே நாளில் காலையில் மரநடுகை, பத்து மணிக்கு இரத்ததானம், பகல் சாப்பாட்டுக்கு முன் மூக்குக்கண்ணாடி, அஸர் தொழுகைக்குப் பின் பாடசாலைப் பைகள், இரவு மண்டபத்தில் பொன்னாடை. அடுத்த நாள் அவர் அடுத்த ஊரில். அங்கேயும் அதே நிகழ்ச்சி நிரல்தான், பெனரில் ஊரின் பெயர் மட்டும் வேறு.

ஏன் ஜூலை? றோட்டரி 1905இலும் லயன்ஸ் 1917இலும் அமெரிக்காவின் சிக்காகோவில் பிறந்தவை. இரண்டுக்கும் வருஷம் ஜூலை 1இல் தொடங்கி ஜூன் 30இல் முடியும். மாவட்ட ஆளுநர் பதவி ஒரே ஒரு வருஷத்துக்கு. மாவட்டம் என்றதும் அம்பாறை மாவட்டம் என்று நினைக்க வேண்டாம். றோட்டரியின் 3220ஆம் மாவட்டம் முழு இலங்கையையும் மாலைதீவையும் சேர்த்தது. அவ்வளவு பெரிய பரப்பில் இருக்கும் கழகங்களுக்கெல்லாம் ஒரு மனிசன் பன்னிரண்டு மாதத்துக்குள் போய்வர வேண்டும். அதனால் ஒவ்வொரு ஊருக்கும் கிடைப்பது சில மணித்தியாலம். அந்தச் சில மணித்தியாலத்தில் காட்டுவதற்கு ஏதாவது வேணும். நம்ம ஊர்களில் தனியாக முளைத்த சங்கங்களும் இப்போது இதையே பார்த்துப் பழகிவிட்டன. அவங்களுக்கு ஆளுநர் இல்லாவிட்டால் ஒரு பிரமுகர்.

பொன்னாடைக்கு எவ்வளவு செலவு, யார் காசு, யார் படத்தில் முன்னுக்கு நிக்கிறார் என்ற சண்டையை நான் பிடிக்க வரவில்லை. அதை ஊரில் எல்லாரும் பேசியாச்சு. என் குற்றச்சாட்டு வேறு. சேவையின் திகதியை வருகிறவரின் பயணத்தை வைத்துத் தீர்மானிக்கிறோம். இந்தக் கரையின் மழையையும் காத்தையும் நோயையும் வைத்துத் தீர்மானிப்பதில்லை. திகதி பிழைத்தால் நல்ல வேலையும் வீண் வேலைதான்.

மரத்திலிருந்து தொடங்குவோம். கிழக்குக் கரைக்கு மழை வருவது ஒக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி வரை. ஜூலை, ஆகஸ்டில் வருவது கச்சான். காய்ந்த, சூடான காத்து. நம்ம வாப்பா, மூத்தவாப்பா காலத்திலிருந்து வயல் செய்கிறவருக்கு இது மனப்பாடம். மாரி போகம் எப்போது, கோடைப் போகம் எப்போது என்று தெரியாத சிறுபிள்ளை இந்த ஊர்களில் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் ஜூலையில் கடற்கரை மணலில் கன்று நட்டுத் தண்ணீர் ஊற்றப் படம் எடுத்துவிட்டு வருகிறோம். அடுத்த நாள் யார் ஊற்றுவது? அது நடுகையில்லை. வேர் உள்ள ஒன்றைக் காய வைக்கிற வேலை.

அடுத்தது இரத்தம். வைத்தியசாலையில் எடுத்து வைக்கிற செங்குருதிக் கலங்களை ஐந்து, ஆறு வாரத்துக்கு மேல் வைத்திருக்க ஏலாது. குருதிச் சிறுதட்டுகளுக்கு ஆயுள் ஐந்து நாள் அளவுதான். ஒருமுறை கொடுத்தவர் திரும்பக் கொடுக்க நாலு மாதம் பொறுக்க வேண்டும். இப்போது கணக்குப் போட்டுப் பாருங்க. ஒரு சீசனில் கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர் என்று வரிசையாக முகாம் வைத்தால் என்ன நடக்கும்? ஊரில் கொடுக்கக்கூடிய கைகளெல்லாம் ஒரே நேரத்தில் கொடுத்து முடியும். அதுக்குப் பிறகு வரும் மாதங்களில் பிரசவத்துக்கும் விபத்துக்கும் தலசீமியாப் பிள்ளைக்கும் இரத்தம் கேட்டு வட்ஸ்அப்பில் செய்தி ஓடும். கொடுத்தவர் மனசு நல்லது. குவித்து வைத்த திகதிதான் கெட்டது. இரத்த வங்கியில் கேட்டு, ஊருக்கு ஒரு மாதம் என்று பிரித்துக்கொண்டால் இது தீரும். ஒரு சதமும் செலவில்லை.

கண் முகாமும் அப்படித்தான். 1925இல் ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டில் நின்று பார்வையற்றவர்களுக்காகப் பேசிய பிறகுதான் கண் சேவை அவங்களுடைய அடையாளமானது. நல்ல அடையாளம். ஆனால் கண்ணில் வெள்ளை படர்ந்த ஒரு மூத்தம்மாவுக்கு முகாமில் நடப்பது பரிசோதனை மட்டும். அதுக்குப் பிறகு சத்திரசிகிச்சைத் திகதி, கூட்டிப்போக ஆள், வாரக்கணக்கில் சொட்டு மருந்து, திரும்பக் காட்டும் நாட்கள். சீனி வருத்தம் உள்ளவருக்கோ ஒவ்வொரு வருஷமும் கண்ணின் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். படத்தில் வருவது முதல் நாள். பார்வை வருவதும் வராததும் அதுக்குப் பின்னால் உள்ள நாட்களில்.

நம்ம ஊருக்கு உண்மையிலே ஆள் தேவைப்படுகிற சீசன் எது? நவம்பரும் டிசம்பரும் ஜனவரியும். வெள்ளம் வரும். வெள்ளம் வடியும்போது டெங்கு வரும். நுளம்பு முட்டையிலிருந்து பறப்பதற்கு ஏழு முதல் பத்து நாள் போதும். ஆகவே ஒரு நாள் சிரமதானம் செய்துவிட்டுப் பெனரைச் சுருட்டினால் அடுத்த கிழமையே கணக்குப் பழையபடி. கிழமைக்கு ஒருதரம், வீட்டுக்கு வீடு, மாரி முடியும் வரை போக வேண்டும். அதில் படம் எடுக்க ஒன்றுமில்லை, சிரட்டையும் டயரும்தான்.

2024 நவம்பர் 26 யாருக்கும் மறந்திருக்காது. காரைதீவு–மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் பாய்ந்துகொண்டிருந்தது. நிந்தவூர் மத்ரஸாவிலிருந்து சம்மாந்துறைக்கு வீடு திரும்பிய மாணவர்களை ஏற்றிய உழவு இயந்திரத்தை அது அடித்துக்கொண்டு போனது. பிள்ளைகளின் ஜனாஸாக்களைத் தண்ணிக்குள் தேடினோம். அந்த வீதியில் வெள்ளம் பாய்வது புதிதில்லை. ஒரு தோணி, கயிறு, உயிர்காப்பு அங்கி, நீந்தத் தெரிந்த பத்துப் பொடியன்மார், தண்ணி ஏறினால் வீதியை மறிக்க ஒரு ஏற்பாடு. இதுகளை ஒக்டோபரிலேயே தயாராக வைத்திருப்பது எந்தக் கழகத்தின் ஆண்டுத் திட்டத்தில் இருக்கிறது? வீதியை உயர்த்துவது அரசாங்கத்தின் கடமைதான், அதைக் கேட்டே ஆக வேண்டும். கேட்டுக்கொண்டிருக்கும் மாரிகளில் கயிறு நம்ம கையில் இருக்க வேண்டும்.

"விழா வைத்தால்தானே தம்பி ஆக்கள் காசு தருவாங்க, பெரியாள் வந்தால்தானே பொடியன்மாருக்கு உற்சாகம்?" என்று கேட்கிற காக்காமார் இருக்கிறார்கள். பாதி நியாயம். சம்பளமில்லாமல் ஓடுகிறவனுக்கு ஒரு நல்ல வார்த்தை வேணும்தான். ஆனால் இந்தக் கிழக்கிலேயே வேறு மாதிரியும் பார்த்திருக்கிறோம். கொவிட் காலத்தில் ஜனாஸா எரிப்பு ஒருவழியாக நின்று, 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கியபோது நாடு முழுக்க இருந்து ஜனாஸாக்கள் வந்தன. 3,000க்கும் மேல். குழி வெட்டியவர்களும் அடக்கியவர்களும் ஜனாஸா வந்த நேரத்துக்கு வந்தார்கள். தங்களுக்கு வசதியான நேரம் பார்க்கவில்லை.

பெரிய கழகங்களின் சொந்த வரலாறும் இதைத்தான் சொல்கிறது. றோட்டரி போலியோ ஒழிப்பை 1985இல் கையில் எடுத்தது. எத்தனையோ ஆளுநர்கள் வந்து போனார்கள், வேலை நிற்கவில்லை. போலியோவுக்கு ஒருதரம் சொட்டு விட்டால் போதாது. குறித்த இடைவெளியில் திரும்பத் திரும்பப் போக வேண்டும். இலங்கையில் கடைசிப் போலியோ நோயாளி 1993இல். அந்தத் திகதிகளை வைரஸ்தான் தீர்மானித்தது.

அதனால், லியோவிலும் றோட்டரெக்டிலும் ஊர்ச் சங்கங்களிலும் இருக்கிற தம்பி தங்கச்சிமாரே, கதிரை அடுக்குவதும் வரவேற்புப் பாடுவதும் உங்கட தலையில்தான் விழுகிறது. ஆகவே கேட்கிற உரிமையும் உங்களுக்கு இருக்கிறது. அடுத்த திட்டக் கூட்டத்தில் மூன்று விஷயத்தைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்க. மரநடுகை நவம்பருக்கு. இரத்ததானத் திகதி இரத்த வங்கி சொல்கிற மாதத்துக்கு. கண் முகாமில் பார்த்த ஒவ்வொருவருக்கும் பொறுப்பாக ஒரு உறுப்பினர், பார்வை வரும் வரைக்கும். வருகிற ஆளுநரையும் மறிக்க வேண்டாம். மாலையோடு சேர்த்துப் போன வருஷத்துப் பட்டியலையும் கையில் கொடுங்க: எத்தனை கன்று உயிரோடு இருக்கிறது, எத்தனை பேருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது, தோணி எங்கே நிற்கிறது. அவர் உண்மையான சேவையாளர் என்றால் பொன்னாடையை விட அந்தத் தாளைத்தான் கனநேரம் பார்ப்பார்.