வீட்டாரிடமும் கேளுங்கள்

மதிப்பிற்குரிய கள்ளக்குறிச்சி மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

புற்றுநோய் முற்றிய ஒருவரை “இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று அனுப்பிவிட்டால், கல்வராயன் மலையில் அந்த வீடுதான் ஆஸ்பத்திரி. மனைவியோ மருமகளோதான் நர்ஸ். 2021 ஆகஸ்ட் 5 அன்று சாமனப்பள்ளியில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் நோய் ஆதரவு சிகிச்சையும் உண்டு. நல்ல ஏற்பாடு. ஆனால் செவிலியர் எத்தனை வீடுகளுக்குப் போனார் என்ற கணக்கு, அங்கே ராத்திரி எப்படிக் கழிந்தது என்பதைச் சொல்லாது. அது வீட்டாருக்குத்தான் தெரியும்.

அவர்களிடம் கேட்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. “திருப்தியா?” என்றால், “நல்லாப் பாத்துக்கிட்டாங்க சார்” என்றுதான் பதில் வரும். மலையேறி வந்தவரை யார் குறை சொல்வார்கள்? பட்டாவுக்கும் சாதிச் சான்றுக்கும் நாளை இதே அரசாங்கத்திடம்தானே நிற்க வேண்டும்! லிண்டா கிறிஸ்ட்ஜான்சன் உருவாக்கி 1993-ல் வெளியான ‘ஃபேம்கேர்’ வினாத்தாள், நோயாளியின் குடும்பத்தாரிடம் வலி தணிந்ததா, பக்கவிளைவுகளைச் சொன்னார்களா, மருத்துவர் கிடைத்தாரா என்று 20 கேள்விகளாகப் பிரித்துக் கேட்கிறது. நம் மலைக்கு அதற்கு மேலும் சில கேள்விகள் தேவை.

வலி தணிக்கும் மார்பினையே எடுத்துக்கொள்ளுங்கள். 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியில் அது நோயாளிக்கு எட்டாமலே இருந்தது; 2014 திருத்தம் பல உரிமங்களை ஒரே அனுமதியாக்கியது. சாதாரண மார்பின் மாத்திரையை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் மாத்திரை தீர்ந்துபோனால், அடுத்த வேளைக்குள் கச்சிராயபாளையம் இறங்கி ஏற முடியுமா? ஆகவே கேளுங்கள்: மாத்திரையை எங்கே வாங்கினீர்கள், எத்தனை நாளுக்குத் தந்தார்கள், நடுவில் தீர்ந்ததா? மலச்சிக்கல் வரும், அதற்கும் மருந்து உண்டு என்று யாராவது சொன்னார்களா? ராத்திரி வலி கூடியபோது யாருக்கு போன் போட்டீர்கள், எடுத்தார்களா? (டவர் கிடைத்ததா என்பதும் இதில் சேர்த்தி.) முடிவு நெருங்குவதை முன்கூட்டிச் சொன்னார்களா?

கேட்பவர் அந்த வீட்டுக்கு வந்துபோன செவிலியராக இருக்க வேண்டாம். மலையாளிப் பழங்குடிப் பெண்களில் படித்தவர்களை அமர்த்தலாம். காரியம் முடிந்து ஒரு மாதமாவது போகட்டும்.

பதில்கள் சுகாதாரத் துறையின் ஆய்வுக்கூட்டத்தில் உங்கள் முன் வர வேண்டும். மாத்திரை தீர்ந்துபோன வீடு ஒன்றே ஒன்று இருந்தாலும், எந்த நிலையத்தில் எப்போது இருப்பு இல்லாமல் போனது என்று அந்தக் கூட்டத்திலேயே விசாரியுங்கள்.