நரம்பில்லாத நாக்கா? யாரு சொன்னது?

‘நரம்பில்லாத நாக்கு எப்படி வேணா பேசும்’னு நம்ம ஊர்ல சொல்வாங்க. பழமொழியா நல்லாத்தான் இருக்கு. ஆனா உண்மையில பச்சைப் பொய். நாக்குல எட்டு வகைத் தசை இருக்கு. அதுல ஏழை இயக்குறது பன்னிரண்டாவது கபால நரம்பு. தமிழ்ல நாவடி நரம்பு.

டிவில யாராவது ழகரத்தைக் கொலை பண்ணுனா நாலு பக்கத்துக்குப் பதிவு போட்டுத் திட்டுறோம். அந்த ழகரத்தைச் சொல்ற நாக்குக்கு எவ்வளவு பலம்னு அளந்து பாருங்கய்யான்னு ஆஸ்பத்திரில ஒரு நாளாவது கேட்டிருக்கோமா?

எங்க பெரியப்பாவுக்கு ஆலங்குடி பக்கம் ஊரு. பக்கவாதம் வந்து படுத்தார். எந்த ஆஸ்பத்திரிங்கறது இங்க முக்கியமில்லை. டிஸ்சார்ஜ் சம்மரில வலது கை 3/5, வலது கால் 4/5னு எழுதியிருந்தாங்க. சுகருக்கு ஒரு நம்பர், பிரஷருக்கு ஒரு நம்பர். நாக்குக்கு? ‘பேச்சு குழறல், ரைல்ஸ் ட்யூப்’. அம்புட்டுதான். ட்யூபை எப்ப எடுப்பீங்கன்னு பெரியம்மா கேட்டதுக்கு, ‘பாப்போம்மா’.

எதைப் பாப்பாங்க? நாக்கை நீட்டச் சொல்லி எந்தப் பக்கம் கோணுதுன்னு பாக்குறாங்க. அதுல எந்தப் பக்கம் பலவீனம்னு தெரியும். எவ்வளவு பலவீனம், போன வாரத்துக்கு இந்த வாரம் தேறியிருக்கான்னு தெரியாது. நான் பொட்டி தட்டுறவன். லாக் எதுவுமே இல்லாம ‘பக் சரியாயிடும், பாப்போம்’னு நான் சொன்னா டீம் லீட் சும்மா விடுவாரா?

மென்ன சோத்தை அண்ணத்துல அழுத்தி, பின்னால தொண்டைக்குத் தள்ளுறது நாக்கு. அதுக்குப் பலமில்லைன்னா பாதி வாயிலயே தங்கும். தங்குனது மூச்சுக்குழாய்ல இறங்குனா நிமோனியா. பக்கவாதத்துல பொழச்சவங்க இதுல போறது உண்டு.

அளக்க வழி இல்லாமலும் இல்லை. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் உருவான கருவி ஒண்ணு இருக்கு. காத்தடைச்ச சின்னக் குமிழை நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவுல வெச்சு அழுத்தச் சொல்வாங்க. அழுத்தம் கிலோபாஸ்கல்ல வரும். ஜப்பான்ல வயசானவங்களுக்கு வாய்ச் செயல்பாடு குறையறதை 2018ல பொதுக் காப்பீட்டுலயே சேத்துட்டாங்க. மொத்தம் ஏழு சோதனை. நாக்கழுத்தம் 30 கிலோபாஸ்கலுக்குக் கீழ போனா குறைவுன்னு கணக்கு. இன்னொரு சோதனைல ‘ப’, ‘ட’, ‘க’ன்னு தனித்தனியா வேகமா சொல்லச் சொல்லி எண்ணுவாங்க. எதுலயாவது நொடிக்கு 6க்குக் கீழன்னா அதுவும் குறைவு. இதை எண்ண ஒரு செல்போன் போதும், டாலர்ல கருவி வாங்க வேண்டியதில்லை.

அளந்து என்ன ஆகப்போகுதுன்னு கேப்பீங்க. 2007ல ஜோஆன் ராபின்ஸ் குழு, பக்கவாதம் வந்த 10 பேருக்கு எட்டு வாரம் நாக்குப் பயிற்சி குடுத்துப் பாத்தாங்க. நாக்கு பலமும் கூடுச்சு, விழுங்குறதும் தேறுச்சு. 10 பேருங்கறது சின்ன எண்ணிக்கைதான், ஒத்துக்கறேன். இந்த ஒரு நம்பரை மட்டும் வெச்சு ட்யூபை உருவ முடியாதுங்கறதும் சரி. இருமலே வராம உள்ள இறங்குற கேஸுக்கு எக்ஸ்ரே வீடியோ வேணும். அதுக்காக எதையுமே அளக்காம இருக்கறது எந்த ஊரு நியாயம்? கையின் 3/5 கூடத்தான் முழுக் கதையைச் சொல்லாது. அதை எழுதறாங்களே!

நம்ம புதுக்கோட்டைல 2017ல மருத்துவக் கல்லூரி வந்துச்சு. 2023ல அரசு பல் மருத்துவக் கல்லூரியும் வந்துச்சு. ஜப்பான்ல நாக்கை அளக்குறது பல் டாக்டருங்கதான். 2021ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவத்துல பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வர்றாரு. கை காலுக்கு வீடு தேடி வர்ற வண்டி நாக்குக்கும் வரட்டும். பேச்சு, விழுங்கல் பயிற்சி குடுக்கறவரையும் அதுல ஏத்துங்க. டிஸ்சார்ஜ் சம்மரில நாக்குக்கும் ஒரு வரி, ஒரு நம்பர் எழுதுங்க. இதுக்குப் புதுக் கட்டடம் எதுவும் வேணாம்.

அதுவரைக்கும் நரம்பில்லாத நாக்குன்னு யாராவது சொன்னா, நரம்பு நாக்குல இருக்கு, அக்கறைதான் நம்மகிட்ட இல்லைன்னு சொல்லுங்க.

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. தயவுசெஞ்சு ட்யூப் போட்டவங்களுக்கு வீட்டுல நீங்களா தண்ணி குடுத்து ‘டெஸ்ட்’ பண்ணாதீங்க. ‘ட’ சொல்லி எண்ணுறதை வேணா உங்க நாக்குல பண்ணிப் பாத்துட்டுப் பின்னூட்டத்துல சொல்லுங்க :-)