குண்டுக்கு ஒரு பூசாரி

தோழர்களே! கருவறைக்குள் கல்லை நிறுத்தி, தொட்டால் தீட்டு, கேட்டால் கேடு என்று மிரட்டிப் பிழைத்த கூட்டத்தை நாம் அறிவோம். அங்கே ஆதிக்கம் கல்லுக்கு அல்ல, பூசாரிக்கே என்பதையும் அறிவோம். அந்தப் பழைய வித்தை அணு யுகத்தில் படைத்தலைவர்களின் கைக்கு மாறிற்று. கல் இருந்த இடத்திலே குண்டு! காவி இருந்த இடத்திலே காக்கி!

பாகிஸ்தானின் கதையைப் பாருங்கள். 1998 மே மாதம் இந்தியா பொக்ரானில் குண்டு வெடித்தது. அதே மாதம் 28 ஆம் நாள் பாகிஸ்தான் சாகாய் மலையில் வெடித்தது. அமெரிக்கா பொருளாதாரத் தடை விதித்தது. 1999 அக்டோபர் 12 அன்று, மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சியைக் கவிழ்த்துத் தளபதி முஷாரப் அரியணை ஏறினார். சனநாயகம் செத்ததென்று வல்லரசுகள் கண்ணீர் வடித்தன. எத்தனை நாளைக்கு? 2001 செப்டம்பர் 11 வரை! நியூயார்க்கில் கோபுரங்கள் சாய்ந்தன. ஆப்கானிஸ்தானுக்குப் பாதை தேவைப்பட்டது. தடைகள் பறந்தன, பணம் பொழிந்தது. 2007 ஆம் ஆண்டுக்குள் சுமார் ஆயிரம் கோடி டாலர்! நேற்றைய கொடுங்கோலர் இன்றைய கூட்டாளி!

அந்த 2007 இல்தான் நாடு கொந்தளித்தது. மார்ச் 9 அன்று தலைமை நீதிபதி இப்திகார் சௌத்ரியைத் தளபதி பதவியிலிருந்து ஒதுக்கினார். கருப்புக் கோட்டு அணிந்த வழக்கறிஞர்கள் வீதிக்கு வந்தனர். கருப்பு எதிர்ப்பின் நிறம் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. நவம்பர் 3 அன்று நெருக்கடி நிலை பிறந்தது. அரசியல் சட்டம் முடங்கிற்று. தனியார் தொலைக்காட்சிகளின் வாய் அடைபட்டது. வழக்கறிஞர்கள் ஆயிரக்கணக்கில் கைதாயினர். மனித உரிமைப் போராளி அஸ்மா ஜஹாங்கீர் வீட்டுக் காவலில் வைக்கப்பட்டார்.

வெளிநாட்டுத் தலைநகரங்களில் எழுந்த முதற் கேள்வி என்ன? நீதிபதி எங்கே என்பதா? சிறைப்பட்டோர் கதி என்ன என்பதா? இல்லை! குண்டு பத்திரமா என்பதே! காமன்வெல்த் அமைப்பு பாகிஸ்தானின் உறுப்புரிமையை நிறுத்திவைத்தது, உண்மை. பணம் தரும் பெரியண்ணனோ, உதவியை மறு ஆய்வு செய்வோம் என்றான். ஆய்வு நடந்தது, பணமும் நடந்தது!

"குண்டு தீவிரவாதிகளின் கையில் சிக்கிவிட்டால்?" என்று கேட்பர். ஆபத்து இல்லையென்று யாம் சொல்லவில்லை. காவலர் யார் என்றே கேட்கிறோம். 2004 பிப்ரவரியில், அணுத்தொழில் இரகசியம் அயல்நாடுகளுக்குப் போனதற்குத் தாமே பொறுப்பு என்று விஞ்ஞானி அப்துல் காதிர் கான் தொலைக்காட்சியில் ஒப்புக்கொண்டார். மறுநாளே மன்னிப்பு வழங்கியவர் யார்? இதே முஷாரப்! அந்த ஆண்டு ஜூனிலேயே, நேட்டோவுக்கு வெளியே உள்ள முதன்மைக் கூட்டாளி என்று பாகிஸ்தானுக்குப் பட்டம் சூட்டியது யார்? இதே அமெரிக்கா! களவு போன கோயிலின் பூசாரிக்குக் காவல் விருது!

2008 பிப்ரவரியில் மக்கள் வாக்களித்தனர். ஆகஸ்ட் 18 அன்று முஷாரப் பதவி துறந்தார். வானம் இடிந்ததா? குண்டு வெடித்ததா? 2009 மார்ச்சில் வழக்கறிஞர்களின் நெடும்பயணம் புறப்பட்டதும் தலைமை நீதிபதி தம் நாற்காலிக்குத் திரும்பினார். அந்த ஒருவர் போனால் உலகமே அழியும் என்றது வெறும் பூச்சாண்டி என்று தெளிவாயிற்று. ஆயினும் பூசாரிதான் போனாரே தவிரக் கருவறை இடியவில்லை. படையின் பிடி அங்கே இன்னும் தளரவில்லை. பாதிப் பணியே முடிந்தது.

இளைஞர்களே! குண்டு நம் நாட்டிலும் உண்டு. பாதுகாப்பு என்ற மந்திரம் ஓதிக் கேள்வியை அடக்கும் குரல் எந்த மொழியில் எழுந்தாலும் அது பூசாரியின் குரலே. கல்லின் முன் கேள்வி கேட்கக் கற்றவர்கள் நாம். குண்டின் முன் மட்டும் கைகட்டி நிற்கலாமா? கேளுங்கள்! அச்சம் அகன்ற இடத்தில்தான் அறிவு நுழையும். அறிவு நுழைந்த இடத்தில்தான் உரிமை நிலைக்கும்!