அடியைக் கவிழ்த்துப் பார்ப்பவர்கள்

பழைய பீங்கான் பொம்மை ஒன்று கையில் கிடைத்தால் நம் ஆட்கள் முதலில் அதைத் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். அடியில் எழுத்து இருந்தால் படித்து, பிறந்த ஊரைச் சொல்லிவிடுவார்கள். எழுத்து இல்லாவிட்டால் இன்னும் வசதி, எந்த ஊரையும் சொல்லலாம். இந்த வித்தைக்கு எதிராகத்தான் எழுதுகிறேன்.

ஆலங்காயம் ஜவ்வாது மலை அடிவாரத்து ஊர். இங்கே பாகம் பிரிக்கும்போதும் வீட்டை இடிக்கும்போதும் பரணில் கிடந்ததெல்லாம் கீழே இறங்கும். பழைய சாமான் வாங்குகிறவர்களுக்கு எப்படியோ மோப்பம் பிடித்துவிடும். அப்படி வந்த ஒருவர் ஒரு பீங்கான் நாய்க்குட்டியை என்னிடம் காட்டிச் சொன்னார்: “அடியில சீல் இல்ல பாருங்க சார். சீல் இல்லன்னாலே 1891க்கு முந்தின சரக்கு. பக்கா ஜப்பான்.”

இந்த 1891 எங்கிருந்து வந்தது? அமெரிக்கா 1890ல் மெக்கின்லி சுங்கச் சட்டம் போட்டது. வெளிநாட்டுச் சரக்கு எதுவானாலும் அதில் நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் இருக்க வேண்டும் என்றது அது. மறு ஆண்டு நடைமுறைக்கு வந்தது. 1921ல் ‘நிப்பான்’ என்று போடக்கூடாது, ‘ஜப்பான்’ என்றுதான் போட வேண்டும் என்றார்கள். போருக்குப் பிறகு, 1952ல் ஆக்கிரமிப்பு முடியும்வரை, ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்ற முத்திரையோடும் பொருட்கள் போயின. எல்லாம் உண்மைதான். ஆனால் இவை நியூயார்க் துறைமுகத்தில் இறங்கிய பெட்டிகளுக்கான விதிகள். வாணியம்பாடிக் கடைத்தெருவில் விற்ற நாய்க்குட்டிக்கும் அமெரிக்கச் சுங்கத்துக்கும் என்ன சம்பந்தம்? அங்கே சேகரிப்பவர்கள் தங்கள் தேவைக்குப் போட்டுக்கொண்ட கணக்கை இங்கே வேதவாக்காக ஓதுகிறோம்.

எழுத்து இருந்தால் மட்டும் என்ன வாழ்கிறது? பொழுதுபோக்குப் பீங்கான் என்று அமெரிக்காவில் ஒரு பெரிய வழக்கம் இருந்தது. போருக்குப் பிந்தைய பத்தாண்டுகளில் அது உச்சத்துக்குப் போனது. கம்பெனிகள் பிளாஸ்டர் அச்சு விற்கும். ஊர்க்கடையில் அந்த அச்சில் களிமண் கூழை ஊற்றி எடுப்பார்கள். வீட்டுப் பெண்கள் அதை வாங்கித் தேய்த்து, வண்ணம் தீட்டி, சூளையில் வைத்து எடுப்பார்கள். அச்சுக்குள்ளேயே கம்பெனிப் பெயர் வெட்டியிருப்பதால் பொம்மையின் அடியில் அது தானாக விழும். ‘ஹாலண்ட்’ என்று இருந்தால் டச்சுக்காரன் பொம்மை என்று நினைப்பவர்கள் உண்டு. அது நியூஜெர்சி மாநிலத்து ட்ரென்டனில் இருந்த ஹாலண்ட் மோல்டு என்ற அச்சுக் கம்பெனி. பெயர் அச்சுக்காரனுடையது, பொம்மை தீட்டியவளுடையது. சில பெண்கள் ஓரத்தில் தங்கள் பெயரையும் வருடத்தையும் கீறி வைத்தார்கள். அந்தக் கீறலைத்தான் விற்பவர்கள் பொருட்படுத்துவதில்லை.

நம் பக்கம் விருத்தாசலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பீங்கான் தொழிற்பேட்டை இருக்கிறது. பீங்கான் தொழில்நுட்பம் கற்றுத்தர அரசு நிறுவனமும் இருக்கிறது. அங்கேயும் அச்சில் கூழ் ஊற்றித்தான் பொம்மை செய்கிறார்கள். பிள்ளையார், செட்டியார் பொம்மை, அகல் விளக்கு, நாய், பூனை எல்லாம் அங்கிருந்து வரும். அடியில் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. ஐம்பது வருடம் பரணில் தூசி குடித்த பிறகு அவை ‘ஜப்பான்’ ஆகிவிடுகின்றன. விலை பத்து மடங்கு ஏறுகிறது. வார்த்தவனுக்கு அன்று கிடைத்த கூலியோடு கதை முடிந்துவிட்டது. அவன் ஊர்ப் பெயராவது மிஞ்சட்டுமே என்றால் அதையும் பிடுங்கிக்கொள்கிறார்கள்.

கண்ணைத் திறந்து பார்த்தால் பொருளே கொஞ்சம் பேசும். களிமண் காயும்போதும் வேகும்போதும் சுருங்கும். மண்ணைப் பொறுத்து மாறும், உத்தேசமாகப் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே வெளிநாட்டுப் பொம்மை ஒன்றின் மேல் அச்செடுத்து இங்கே வார்த்தால், நகல் அந்த அளவுக்குச் சின்னதாக வரும். ரோமக் கோடுகளும் கண்மடிப்பும் மழுங்கியிருக்கும். அதே வியாபாரியிடம் ஒரே சாயலில் இரண்டு நாய்கள் இருந்தன, ஒன்று சற்றுச் சின்னது. அதற்கு அவர் சொன்ன விளக்கம்: “இது குட்டி சைஸ் சார், ரேர்.” சின்னதற்குத்தான் கூடுதல் விலை! மெருகு படாத அடிப்பகுதியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சினால் அது நன்றாக இறுகிய போர்சலின் அல்ல, குறைந்த சூட்டில் வெந்த மண். இதற்கெல்லாம் நிபுணர் வேண்டாம், ஒரு அளவுகோலும் கொஞ்சம் பொறுமையும் போதும்.

நேர்த்தியாக இருந்தால் அது வெளியூரிலிருந்துதான் வந்திருக்கும் என்ற எண்ணம் வியாபாரிகளோடு நிற்பதில்லை. அரிக்கமேட்டில் 1945ல் தோண்டிய வீலர், உள்ளே வட்ட வட்டமாகப் புள்ளிக்கோடு ஓடிய வழவழப்பான ரௌலட்டட் தட்டுகளை மத்தியதரைக்கடல் சரக்கு என்று கருதினார். பின்னால் விமலா பெக்லி போன்றவர்கள் அது இந்தியப் பாண்டம் என்று வாதிட்டார்கள். களிமண்ணைச் சோதித்த ஆய்வுகளும் அந்தப் பக்கமே நின்றன. அங்கே ரோமானியச் சரக்கும் உண்மையாகவே கிடைத்தது, அதை மறுக்கவில்லை. ஆனால் பக்கத்தில் கிடந்த நம் தட்டுக்கும் அதே ஊர்ப்பெயர் ஒட்டிக்கொண்டதைக் கவனியுங்கள். ஜப்பானிலேயே இந்தக் கூத்து உண்டு. அரிதாவில் செய்த பீங்கானை உலகம் ‘இமாரி’ என்கிறது. இமாரி அதைக் கப்பலேற்றிய துறைமுகம்.

நம் வீடுகளில் இன்னொரு சரக்கும் இருக்கிறது, அதைச் சொல்லாமல் விட மனமில்லை. செராமிக் பவுடரையும் ஃபெவிக்காலையும் பிசைந்து, சாதா மண்பானைமேல் பூவும் இலையும் ஒட்டி, தங்க பெயிண்ட் அடித்த பானைகள். கோடை விடுமுறை வகுப்பில் அம்மாக்களும் அக்காக்களும் செய்தவை. சூளையே காணாத பூக்கள் என்பதால் வல்லுநர்கள் அவற்றைப் பீங்கான் கணக்கில் சேர்ப்பதில்லை. சரி, சேர்க்க வேண்டாம். ஆனால் பரணில் இருக்கிற அத்தனையிலும் பிறந்த இடம் சந்தேகமில்லாமல் தெரிவது இது ஒன்றுதான். எந்தத் திண்ணையில் செய்தது, யார் செய்தது என்று வீட்டில் கேட்டால் சொல்வார்கள். அதைத்தான் பத்து ரூபாய்க்குத் தள்ளிவிட்டு, ஊர் தெரியாத நாய்க்குட்டியைக் கண்ணாடி அலமாரியில் வைக்கிறோம்.

வரும் கொலுவுக்குப் பெட்டியை இறக்கும்போது வீட்டில் மூத்தவர்களைப் பக்கத்தில் உட்காரவைத்துக் கேளுங்கள். யார் வாங்கியது, எந்தக் கடை, எந்த வருஷம், உடைந்த காதை யார் ஒட்டியது. ஒரு சீட்டில் எழுதி பொம்மைக்குள் போட்டுவிடுங்கள். கூழ் வார்த்த பொம்மை உள்ளே வெற்றிடம்தான், பெரும்பாலானவற்றின் அடியில் ஒரு ஓட்டை இருக்கும். பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் ஊறிவிடும்.