முதலில் கண், பிறகுதான் கை



என் தங்கையின் மகள் நன்றாகப் படம் வரைவாள். தாளில் அல்ல, டேப்லெட் எனப்படும் கண்ணாடிப் பலகையின் மீது மின்பேனாவால் வரைவாள். ‘கண்ணைக் கெடுத்துக்கொள்கிறாள்’ என்று வீட்டில் சிலருக்கு வருத்தம். சில மாதங்களுக்கு முன் எங்கள் தெருப் பெண்கள் கூடி, வீட்டைச் சுற்றி வளரும் செடிகளைப் பற்றிச் சிறு நூலொன்று வெளியிட முனைந்தார்கள். படங்களுக்கு இவளைக் கேட்டார்கள். முதலில் அவள் எடுத்துக்கொண்ட செடி செங்காந்தள்.

படம் முடிந்ததும் எல்லோரும் பாராட்டினோம். தீக்கொழுந்துகள் மேல்நோக்கி எழுவது போன்ற அந்தப் பூவைக் கண்டு யார்தாம் மயங்கமாட்டார்கள்? என் உம்மா மட்டும் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்கள்.

“பூ அழகா இருக்கும்மா. ஆனா இது யாரோட இலை?”

பேத்தி விழித்தாள்.

“காந்தள் இலைக்கு நுனியிலே சுருள் இருக்குமே, அது எங்கே? கிழங்கையும் இப்படி உருண்டையாப் போட்டிருக்கே. பார்க்கிறவங்க சர்க்கரைவள்ளின்னு அவிச்சுத் தின்னுட்டா யாரு பதில் சொல்றது?”

அவள் உண்மையை ஒப்புக்கொண்டாள். பூவை ஒரு நிழற்படத்தைப் பார்த்து வரைந்திருந்தாள். இலைக்கு மென்பொருளில் ஆயத்தமாகக் கிடைத்த ‘இலைத் தூரிகை’யைப் பயன்படுத்தினாள். கிழங்கைக் கண்டதே இல்லை, ஊகித்து வரைந்துவிட்டாள்.

வாசகர்களே, இது சிறு பிழையன்று. செங்காந்தள் முழுவதுமே நச்சுச் செடி. கிழங்கிலும் விதையிலும் கோல்கிசின் என்னும் நஞ்சு உண்டு. கீல்வாத நோய்க்கு அளவறிந்து தரப்படும் மருந்தும் இதே பொருள்தான். அதற்காகவே திண்டுக்கல், கரூர், திருப்பூர் பகுதிகளில் இதனை விதைக்காகப் பயிரிடுகிறார்கள். அளவு மீறினால் அதுவே ஆளைக் கொல்லும். உண்ணத்தக்க கிழங்கென்று எண்ணி இதனை உண்டு மாண்டோரின் செய்திகள் இலங்கை மருத்துவர்களின் பதிவுகளில் உள்ளன. இந்தக் கிழங்கு உருண்டையானதன்று. ஏர்க்கலப்பையைப் போல இரு கிளையாக வளைந்திருக்கும். அதனால்தான் நம் முன்னோர் ‘கலப்பைக் கிழங்கு’ என்று பெயரிட்டனர். பெயரே ஓர் எச்சரிக்கைப் படமாக அமைந்திருக்கிறது. அதையும் தவறவிட்ட ஓவியம் எவ்வளவு அழகாயிருந்தும் என்ன பயன்?

கணினியில் செடி வரைவோர் எல்லோரும் கைக்கொள்ள வேண்டிய முதற்பாடம் இதுதான். கருவி புதியதாக இருக்கலாம். பார்வை பழைய முறையில்தான் பழக வேண்டும்.

பழைய முறை என்று சொன்னேன். அதற்கு ஓர் அரிய சான்று உண்டு. 1177-ஆம் ஆண்டில் சூர் நகரில் பிறந்த ரஷீதுத்தீன் அஸ்ஸூரீ என்னும் மருத்துவர் மூலிகை நூல் எழுதப் புறப்பட்டபோது, பழைய சுவடிகளிலிருந்த படங்களைப் பெயர்த்தெழுதவில்லை. பல வண்ணங்களுடன் ஓர் ஓவியரையும் அழைத்துக்கொண்டு லெபனான் மலைகளில் செடிகள் வளரும் இடத்துக்கே சென்றார். நிறம், இலைகளின் அளவு, கிளை, வேர் அனைத்தையும் காட்டி வரையச் செய்தார். ஒரே செடியைத் தளிர்க்கும் பருவத்தில் ஒருமுறை, விதை முற்றிய பருவத்தில் ஒருமுறை, காய்ந்த பின் ஒருமுறை என்று வரையச் செய்தார். மருந்துக்காகத் தேடுபவன் எந்தப் பருவத்தில் கண்டாலும் இனம் காண வேண்டும் என்பதே நோக்கம். மருத்துவர் வரலாறுகளைத் தொகுத்த இப்னு அபீ உஸைபிஆ இதனைப் பதிவு செய்திருக்கிறார். அந்த மூலிகை நூல் இன்று கிடைக்கவில்லை. அதன் முறை மட்டும் மிஞ்சியிருக்கிறது.

நம் மண்ணிலும் அத்தகையோர் இருந்தனர். கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவரான ராபர்ட் வைட் இந்தியச் செடிகளைப் பற்றி 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட நூலில் 2101 படங்கள் உள்ளன. அவருக்காகச் செடிகளை வரைந்த தென்னிந்திய ஓவியர்கள் ரங்கையாவும் கோவிந்துவும். ஓர் ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைட் சூட்டினார். கண்ணால் உண்மையைக் கண்டு கையால் சொன்னவருக்குக் கிடைத்த மரியாதை அது.

இனி மின்பேனாவுக்கு வருவோம். விந்தையான வடிவமும் சொரசொரப்பும் உள்ள செடிகளே நல்ல ஆசிரியர்கள். சாதாரண இலையை நினைவிலிருந்தே வரைந்துவிடலாம். சப்பாத்திக்கள்ளியை அப்படி வரைய முடியாது, பார்த்தே ஆகவேண்டும்.

அதில் இலை போலத் தோன்றும் தட்டு உண்மையில் தண்டு. முட்கள் கண்ட இடத்தில் முளைப்பதில்லை. தட்டின் மேல் சாய்ந்த வரிசைகளில் சிறு திட்டுகள் இருக்கும். முட்கள் கொத்தாக எழுவது அவற்றிலிருந்துதான். ஆகவே முதலில் தட்டின் வடிவத்தை ஓர் அடுக்கில் வரையுங்கள். கணினியில் ‘லேயர்’ என்பார்களே, ஒன்றன் மேலொன்றாக வைத்த கண்ணாடித் தாள்கள் போன்றவை, அவையே அடுக்குகள். இரண்டாம் அடுக்கில் திட்டுகளுக்குப் புள்ளி மட்டும் வையுங்கள். வரிசை சரியாக வந்ததா என்று பார்த்த பின்பே மூன்றாம் அடுக்கில் முட்களை எழுப்புங்கள். காகிதத்தில் வெண்முள்ளை வரைய வேண்டுமானால் அந்த இடத்தை வண்ணம் படாமல் முன்கூட்டியே காக்க வேண்டும். மின்திரையிலோ கரும்பச்சையின் மேல் வெள்ளைக் கோட்டை நேராகவே இழுக்கலாம். இது புதிய கருவி தந்த வசதி.

அதே கருவி ஒரு சோதனையையும் வைக்கிறது. ஒரு கொத்து முள்ளை வரைந்து, நகலெடுத்து, நூறு இடங்களில் ஒட்டிவிடலாம். இதனைச் செய்யாதீர்கள். தட்டின் ஓரத்து முள் பக்கவாட்டில் நீண்டு தெரியும்; நடுவிலுள்ள முள் நம்மை நோக்கி நிற்பதால் குறுகித் தெரியும். அனைத்தையும் ஒரே நீளத்தில் ஒட்டினால் தட்டு உருண்டு திரளாமல் சுவரொட்டி போலத் தட்டையாகிவிடும். காரணம் சொல்லத் தெரியாதவரும் ‘ஏதோ குறைகிறது’ என்பார்.

சீத்தாப்பழத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே பூவிலுள்ள பல சூலகங்கள் இணைந்து உருவான பழம் அது. தோலில் காணும் ஒவ்வொரு புடைப்பும் ஒரு சூலகத்தின் அடையாளம். இதை அறிந்தவன் தோலைக் கிறுக்கி நிரப்பமாட்டான். ஒவ்வொரு புடைப்புக்கும் ஒளிபடும் பக்கம் ஒன்றும் நிழல் பக்கம் ஒன்றும் தருவான். ஒளி ஒரே திசையிலிருந்து வரட்டும். இடப்பக்க மேற்புறத்திலிருந்து வருவதாகக் கொள்வது செடி ஓவியர்களின் வழக்கம். அன்னாசியின் கண்களை எண்ணிப் பாருங்கள். ஒரு பக்கம் சுற்றிச் செல்லும் வரிசைகள் பெரும்பாலும் 8, எதிர்ப்பக்கம் 13. சொரசொரப்பு என்பது மேலே பூசும் வண்ணமன்று. உள்ளமைப்பு வெளியே காட்டும் முகம்.

இன்னும் மூன்று செய்திகளை மனத்தில் கொள்ளுங்கள். முதலாவது, அளவு. ஏ4 தாளில் தெளிவாக அச்சிட ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளிகள் வேண்டும். அதாவது 2480 புள்ளி அகலம், 3508 புள்ளி உயரம். தொடங்கும்போதே இதனைக் குறித்துவிடுங்கள். சிறிதாக வரைந்து பின்னர் பெரிதாக்கினால் முள்முனை மழுங்கும்.

இரண்டாவது, உருப்பெருக்கம். திரையைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி ஒரு மயிரிழையில் மணிக்கணக்கைச் செலவிடத் தோன்றும். அடிக்கடி அச்சாகும் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அங்கே கண்ணுக்குத் தெரியாத உழைப்பு வீண்.

மூன்றாவது, நிறம். திரை ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு மையால் காட்டுகிறது. திரையில் கனலும் காந்தளின் செம்மை தாளில் சற்றுச் சோர்ந்துவிடும். ஒரு பக்கத்தை அச்சிட்டுப் பார்த்துத் திருத்துங்கள்.

விலையுயர்ந்த கருவி இல்லையே என்று தயங்க வேண்டாம். கிரிட்டா போன்ற வரைமென்பொருளை இணையத்தில் விலையின்றியே பெறலாம். இப்போது ஒரு சொல்லைக் கொடுத்தால் படத்தைத் தானே உருவாக்கித் தரும் இயந்திரங்களும் வந்துவிட்டன. அவை தரும் காந்தளும் கண்ணைப் பறிக்கும். ஆனால் உங்கள் வேலியில் படர்ந்த கொடியை அவை சென்று பார்க்கவில்லை, இலைநுனியைத் தொடவில்லை. உயிர்காக்க வேண்டிய படத்துக்கு ஒரு சாட்சி வேண்டும். சாட்சி நேரில் கண்டவராகத்தான் இருக்க முடியும்.

எங்கள் பிள்ளை என்ன செய்தாள் என்று கேட்கிறீர்களா? உம்மம்மாவைக் கைப்பிடித்து ஊர்க்கோடி முள்வேலிக்கு அழைத்துச் சென்றாள். இலையின் நுனி நீண்டு சுருண்டு பக்கத்துச் செடியைப் பற்றியிருப்பதைக் கண்டாள். பூ தலைகவிழ்ந்து தொங்க, ஆறு இதழ்களும் அலைவிளிம்புடன் மேல்நோக்கி மடிந்திருப்பதையும், சூல்தண்டு அடியிலேயே செங்கோணமாக ஒடிந்தாற்போல் பக்கவாட்டில் நீள்வதையும் கண்டாள். மண்ணை விலக்கிக் கலப்பைக் கிழங்கைக் காட்டியது உம்மாதான்; காட்டிய பிறகு இருவரும் கையை நன்றாகக் கழுவிக்கொண்டார்கள்.

மறுபடியும் ஒரு வாரம் சென்று பார்த்தாள். இளம்பச்சை கலந்த மஞ்சளாக விரிந்த பூ, நாளாக ஆக நுனியிலிருந்து சிவந்து, முடிவில் முழுச் செந்நிறமாவதை ஒவ்வோர் அடுக்கிலும் ஒரு நாளாக வரைந்து வைத்தாள். அஸ்ஸூரீயின் பெயரை அவள் கேட்டதில்லை. நேர்மையாகப் பார்ப்பவருக்கு வழி ஒன்றாகவே அமைகிறது போலும்.

புதிய படத்தில் பூ முன்னைவிடச் சிறியது. கிழங்குக்குத் தனி இடம். அதன் அருகே ‘நஞ்சு’ என்ற சொல். உம்மா பார்த்துவிட்டு இவ்வளவுதான் சொன்னார்கள்: “இப்போ இதை வச்சு யாரும் ஏமாற மாட்டாங்க.”

இதைவிடச் சிறந்த பாராட்டு ஓர் ஓவியருக்கு இருக்க முடியுமா?

உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் மின்திரையில் எதையேனும் வரைந்துகொண்டிருக்கலாம். கண்டிக்கும் முன் முற்றத்துக்கு அழைத்துச் செல்லுங்கள். பாகற்காயோ, கற்றாழையோ, வேலிக்கள்ளியோ எதுவாயினும் சரி. பெரியவர்களிடம் செடியின் பெயரைக் கேட்கச் சொல்லுங்கள். பெயருக்குள் வடிவம் இருக்கும். பெயரையும் செடியையும் அறிந்த பெரியவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டுவிட வேண்டும்.