செவிலியர் மருந்து எழுதலாமா? சுமை ஒருவருக்கு, உரிமை வேறொருவருக்கா?

உயர்நிலைப் பயிற்சி பெற்ற செவிலியர், மருத்துவரின் மேற்பார்வையின்றித் தாமே நோயறிந்து மருந்து எழுதலாமா? இக்கேள்வி இரு தொழில்களுக்கு இடையிலான போட்டியாக மட்டுமே பேசப்படுகிறது. அரசு மருத்துவத்தையே நம்பியிருக்கும் தலித் மக்களுக்கோ இது வாழ்வுரிமைக் கேள்வி.

தேசிய மருத்துவ ஆணையச் சட்டம், 2019இன் பிரிவு 32, நவீன மருத்துவத் தொழிலோடு தொடர்புடையோருக்கு 'சமூக சுகாதார வழங்குநர்' என வரையறுக்கப்பட்ட உரிமம் அளிக்க இடம் தருகிறது. முதல்நிலைச் சிகிச்சையிலும் நோய்த்தடுப்பிலும் குறிப்பிட்ட மருந்துகளை அவர்கள் தாமே எழுதலாம். பிறவற்றுக்கு மருத்துவர் மேற்பார்வை வேண்டும். செவிலியர் என்ற சொல் அதில் இல்லை. இப்பிரிவை எதிர்த்து இந்திய மருத்துவச் சங்கம் அவ்வாண்டு நாடு தழுவிய வேலைநிறுத்தம் நடத்தியது. அதே சட்டத்தின் பிரிவு 34, பதிவின்றி மருத்துவம் பார்ப்போருக்கு ஓராண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் விதிக்கிறது.

சிவகங்கை மாவட்டம் பிள்ளையார்பட்டியை எடுத்துக்கொள்வோம். கற்பக விநாயகர் கோயிலால் ஊர்ப்பெயர் எங்கும் தெரியும். மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியோ 2012இல்தான், அதுவும் தொலைவிலுள்ள சிவகங்கை நகரில் வந்தது. சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணைச் சுகாதார நிலையம் என்பது அரசு நெறி. இத்தகைய சிற்றூர்களில் கிராம சுகாதாரச் செவிலியரே மக்கள் காணும் முதல் மருத்துவ முகம். நள்ளிரவில் காலனிப் பெண்ணொருவருக்கு உதிரப்போக்கு மிகுந்தால், வரம்பை மீறி மருந்து கொடுக்கும் செவிலியர் சட்டத்துக்கு அஞ்ச வேண்டும்; கைகட்டி நின்றால் உயிர் போகும்.

இந்த அநீதிக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரசவம் பார்ப்பதைத் தீட்டென்று ஒதுக்கிய சாதியச் சமூகம், முடிதிருத்தும் சமூகத்துப் பெண்கள் மீதும் தலித் பெண்கள் மீதும் அதைக் கடமையாகச் சுமத்தியது. அவர்களது அறிவு பயன்பட்டது, மதிப்பு கிட்டவில்லை. 2017 நவம்பரில் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தை எதிர்த்துச் சென்னையில் ஒப்பந்தச் செவிலியர் போராடியபோதும் இதே கணக்கைத்தான் கண்டோம்.

"நகரத்துக்கு மருத்துவர், சேரிக்குச் செவிலியரா?" என்ற ஐயம் நியாயமானது. மருத்துவர் பணியிடங்களை நிரப்பாதிருக்க இவ்வுரிமம் சாக்காகக் கூடாது. ஆனால் பிரித்தானியாவில் 2006 முதல் தகுதி பெற்ற செவிலியர் தம் திறனெல்லைக்குள் ஏறத்தாழ எல்லா மருந்துகளையும் எழுதுகின்றனர். அது ஏழைகளுக்கென ஒதுக்கிய தனி ஏற்பாடன்று. இந்தியாவிலும் 2018இன் வழிகாட்டுநெறிகள் மகப்பேறு செவிலியருக்கு 18 மாதப் பயிற்சியை வகுத்துள்ளன.

1947ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக வந்த தேசிய செவிலியர் மற்றும் தாதியர் ஆணையச் சட்டம், 2023இன் கீழ் வகுக்கப்படும் விதிகளில் நாம் வலியுறுத்த வேண்டியவை நான்கு. எழுதத்தக்க மருந்துகளின் தெளிவான பட்டியல். மேல்சிகிச்சைக்கு அனுப்பும் உறுதியான ஏற்பாடு. நிரந்தரப் பணியும், நன்னம்பிக்கையில் செய்த சிகிச்சைக்குச் சட்டப் பாதுகாப்பும். உயர்பயிற்சி இடங்களில் இடஒதுக்கீடும், புகார் விசாரணைக் குழுக்களில் தலித் பெண்களின் பங்கேற்பும். இவையின்றி வரும் உரிமம், பழைய சுமைக்கு இடப்பட்ட புதுப்பெயராகவே இருக்கும்.