கூரைக்குக் கட்டளை, கணக்குக்கு மௌனமா?

சித்திரைப் புத்தாண்டன்று முற்றத்திற் கோலமிட்டுப் பொங்கற் பானை ஏற்றிச் சூரியனை வரவேற்பது நம் வழக்கம். 2025 ஆம் ஆண்டில் அதே சூரியனுக்குக் கதவடைக்கும்படி நமக்குச் சொல்லப்பட்டது. ஏப்ரல் 13 முதல் 21 வரை, நாள்தோறும் பிற்பகல் மூன்று மணி வரை, கூரைமேற் சூரியப் படல் வைத்திருப்போர் தத்தம் இணைப்பை அணைத்து வைக்குமாறு இலங்கை மின்சார சபை கேட்டுக்கொண்டது. விடுமுறையில் ஆலைகளும் அலுவலகங்களும் மூடிக் கிடக்கும், மின்னை நுகர்வார் இரார், மின்வலை தளம்பும் என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம்.

வேண்டுகோள் என்றுதான் அதற்குப் பெயர். பொறுப்புணர்ந்தவன் அணைத்தான், வருமானத்தை இழந்தான். காதிற் போட்டுக்கொள்ளாதவன் அணைக்கவில்லை. அவனுடைய மீற்றர் ஓடிக்கொண்டே இருந்தது. நேர்மைக்குத் தண்டமும் அலட்சியத்துக்கு வெகுமதியும் வழங்கும் ஒரு முறையை நிருவாகம் என்று அழைக்க நமக்கு நா எழவில்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கி விடுவோம். நாம் விஞ்ஞானத்தோடு வழக்காட வரவில்லை. மின்சாரம் தொட்டியிலே தேங்கி நிற்கும் நீரன்று. வாய்க்காலில் ஓடும் நீர். கிணற்றில் இறைக்கும் வேகத்துக்கும் பாத்தியிற் பாயும் வேகத்துக்கும் பொருத்தமில்லையேல் வரம்பு உடையும் என்பது வலிகாமத்துத் தோட்டக்காரர் எவருக்கும் தெரியும். மின்வலையின் வரம்பு அதன் மீடிறன். வினாடிக்கு 50 சுற்று என்ற அளவில் அது நிற்க வேண்டும். உற்பத்தி மிகுந்தால் ஏறும், குறைந்தால் இறங்கும். நீர்மின் நிலையத்திலும் அனல்மின் நிலையத்திலும் சுழலும் பெருஞ் சில்லுகள் தம் கனத்தாலேயே இந்த ஏற்ற இறக்கத்தைச் சிறிது நேரம் தாங்கும். கூரைப் படலுக்குச் சுழலும் சில்லு இல்லை. போதாக்குறைக்கு, மீடிறனோ வோல்ற்றளவோ எல்லை கடந்தால் வீட்டுச் சுவரிலுள்ள இன்வேட்டர் தானாகவே விலகிக்கொள்ளும். ஆயிரக்கணக்கான இன்வேட்டர்கள் ஒரே கணத்தில் விலகினால் எஞ்சிய நிலையங்கள் மேல் விழும் சுமை எத்தகையது என்று எண்ணிப் பாருங்கள்.

2025 பெப்ரவரி 9 ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் நடந்ததும் இதுவே. பாணந்துறை உபமின் நிலையத்தில் ஒரு பழுது. நாடு முழுவதும் இருள். நுரைச்சோலையின் 900 மெகாவாற்று அனல் நிலையமும் நின்றுபோயிற்று; அதனை மீண்டும் இயக்க நாட்கள் பிடித்தமையால் மின்வெட்டு வேறு. குரங்கொன்று நிலைமாற்றியிற் பட்டதே காரணம் என்றார் மின்சக்தி மந்திரி. இலங்கையை ஒரு வானரம் கலக்கியது இது முதன்முறையன்று என்று ஊரார் நகைத்தனர்; நாமும் நகைத்தோம். பின்னர் மின்சார சபை வேறொரு விளக்கம் தந்தது. விடுமுறை நாளில் நுகர்வு குறைந்திருந்தது, சூரிய மின்னின் பங்கு மிகுந்திருந்தது, ஆகவே ஒரு சிறு அடியையும் மின்வலை தாங்கவில்லை என்றது. அந்த விளக்கம் உண்மையே. ஆதலால் ஏற்றுமதிக்கு ஓர் எல்லை வேண்டும் என்பதையும் நாம் ஒப்புக்கொள்கிறோம்.

நமது வழக்கு வேறு. எல்லை வகுப்பவர் கணக்குக் காட்ட வேண்டும்.

இந்தப் படல்கள் இரவோடிரவாகக் களவாய் முளைத்தவையா? 2016 இல் ‘சூரிய பல சங்கிராமய’ என்று பெயரிட்டு முரசறைந்து மக்களைக் கூரைமேல் ஏற்றியது அரசாங்கம். முதல் ஏழாண்டுக்கு அலகு ஒன்றுக்கு 22 ரூபா, அடுத்த பதின்மூன்று ஆண்டுக்கு 15 ரூபா 50 சதம் என்று இருபதாண்டு வாக்குறுதி தந்தது. 2025 இல் 1,000 மெகாவாற்று என்று இலக்கும் வைத்தது. ஒவ்வோர் இணைப்புக்கும் விண்ணப்பம், பரிசோதனை, புதிய மீற்றர், கையொப்பம் என்பன இருந்தன. எந்த ஊரில், எந்த நிலைமாற்றியின் கீழ், எத்தனை கிலோவாற்று ஏறுகிறது என்பது சபையின் பதிவேட்டிலேயே நாளுக்கு நாள் எழுதப்பட்டு வந்தது. பின்னர் 2022 ஓகஸ்டில் மின்கட்டணம் சராசரியாக 75 வீதம் உயர்த்தப்பட்டது. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். அதன்பின் சில தடவை குறைக்கப்பட்டது மெய்தான். ஆனால் அந்த ஆறு மாதத்தில் நெருப்பைத் தொட்டவர்கள் கூரையை நாடியதில் வியப்பென்ன? ஆசிரியர் வங்கிக் கடன் எடுத்தார். ஓய்வூதியர் சேமிப்பை உடைத்தார். தோட்டக்காரர் நகையை அடகு வைத்தார். இலக்கு எட்டப்பட்டது, தாண்டவும் பட்டது. அவ்விலக்கைத் தாங்கும் மின்வலையைக் கட்ட வேண்டியவர் யார்? ஒன்பது ஆண்டு கைகட்டி இருந்துவிட்டுப் பண்டிகை நாளில், ‘அணையுங்கள்’ என்பதற்குத் திட்டமிடல் என்று பெயரா?

இழப்புச் சிறியது என்று சொல்லும் அதிகாரிகளும் உளர். பார்ப்போம். ஐந்து கிலோவாற்றுப் படல் நல்ல வெயிலில் நாளுக்கு ஏறக்குறைய 20 அலகு தரும். மூன்று மணிக்குள் அதிற் பெரும்பங்கு, சுமார் 16 அலகு, வந்துவிடும். ஒன்பது நாளுக்கு 144 அலகு. 22 ரூபாப்படி மூவாயிரத்துச் சொச்சம். பெரிய தொகையன்று என்றால் அதைக் கொடுத்துவிடலாமே! எண்ணெய் எரிக்கும் தனியார் நிலையங்களோடு செய்யப்பட்ட ஒப்பந்தங்களைப் பாருங்கள்: எரியாது சும்மா நின்றாலும், ஆயத்தமாய் நின்றமைக்கு அவற்றுக்குக் கட்டணம் உண்டு. நிற்கும் எண்ணெய் யந்திரத்துக்குக் கூலி. நிறுத்தப்பட்ட சூரியனுக்குக் கும்பிடு. எண்ணெயின் விலையைச் சுன்னாகத்து மக்களைக் கேளுங்கள். அங்கு மின்னுற்பத்தியின் கழிவெண்ணெய் கிணறுகளிற் கலந்த வழக்கில் உயர் நீதிமன்றம் 2019 இல் தீர்ப்பளித்து நட்டஈட்டுக்குக் கட்டளையிட்டது. அந்த வட்டாரத்தவருக்குக் கூரை மின் ஆடம்பரமன்று.

போர்க்காலத்தில் ஆண்டுக்கணக்காய்த் தேசிய மின்வலையிலிருந்து துண்டுண்டு கிடந்தது யாழ்ப்பாணக் குடாநாடு. ஜாம் போத்தல் விளக்கின் கீழ்ப் படித்தவர்களே இன்று வைத்தியராகவும் பொறியியலாளராகவும் இருக்கின்றனர்; துவிச்சக்கர வண்டியின் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டவர்கள் அவர்கள். மின்னின் அருமையை அவர்களுக்குக் கற்பிக்க எவரும் வரவேண்டியதில்லை. மின்வலை காக்கப்பட வேண்டும் என்பதில் அவர்களுக்கு எவரைவிடவும் அக்கறை உண்டு. கொடுத்த வாக்கும் காக்கப்பட வேண்டும் என்றே அவர்கள் கேட்கின்றனர்.

இந்நோய் நமக்கு மட்டும் வந்ததன்று. தென் அவுஸ்திரேலியா 2016 செப்டெம்பரில் மாநிலம் முழுவதும் இருளில் மூழ்கியது. மறு ஆண்டே ஹோர்ன்ஸ்டேலில் 100 மெகாவாற்று மின்கலம் நிறுவியது. 2020 முதல் புதிய கூரை இணைப்புகளைத் தூரத்திலிருந்து நிறுத்த வழி செய்தது. 2021 மார்ச்சில் அதை முதன்முறை பயன்படுத்தியது, அதுவும் வேறு வழியற்ற இறுதி மருந்தாக. பின்னர் வீட்டுக்காரனுக்கு ஒரு தெரிவைக் கொடுத்தது: எப்போதும் 1.5 கிலோவாற்று மட்டும் ஏற்றுமதி செய். அல்லது நெருக்கடி வேளையில் குறைக்கச் சம்மதித்து, மற்ற வேளையில் 10 கிலோவாற்று வரை அனுப்பு. எல்லை அங்கும் உண்டு. ஆனால் அது முன்கூட்டியே எழுதப்பட்டது. யந்திரம் அளந்து செய்வது. கேட்டவனுக்கும் கேளாதவனுக்கும் ஒன்றே.

படல் இல்லாத ஏழை வீட்டின் தலையில் இச்செலவைக் கட்டலாகாது என்போர் நியாயமே பேசுகின்றனர். அதனாற்றான், புதிதாய் இணைவோர் எல்லையை அறிந்தே இணையட்டும் என்கிறோம். முன்னரே ஒப்பந்தம் செய்தவரின் மின்னை நிறுத்துவதாயின், நிறுத்திய அலகை எண்ணி ஒப்பந்த விலையைக் கொடுங்கள். ஒவ்வொரு தடவையும் எத்தனை மணி, எந்த மாவட்டம், என்ன காரணம் என்பதைப் பகிரங்கப்படுத்துங்கள். கொடுக்க வேண்டி வந்தால்தான் நிறுத்துவதற்கு முன் ஒருமுறை யோசிப்பார்கள்.

இரவு உச்ச நேரத்தில் மின்கலத்திலிருந்து தருவோருக்குக் கூடிய விலை என்று 2025 இல் அறிவித்தது நன்று. ஆனால் படலுக்கு வாங்கிய கடனே தீராதவன் மின்கலத்துக்கு எங்கே போவான்? உபமின் நிலையங்களில் அரசாங்கமே மின்கலம் வைப்பதே முறை. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவுக்கு இந்திய நன்கொடையில் 2024 இல் ஒப்பந்தமான திட்டத்தில் காற்றாடியோடும் படலோடும் மின்கலமும் சேர்க்கப்பட்டிருக்கிறது. மூன்று சிறு தீவுக்குத் தெரிந்த நியாயம் பெரிய தீவுக்குத் தெரியாமற் போனதெப்படி? அரநாயக்காவில் நீரை மேலேற்றித் தேக்கும் 600 மெகாவாற்றுத் திட்டமோ ஆண்டுக்கணக்காய்க் காகிதத்தில் கிடக்கிறது.

இவற்றுக்கெல்லாம் காலம் பிடிக்கும் என்பர். காலம் பிடிக்காத வழி ஒன்று உண்டு. நண்பகலில் மின் மிகுகிறது. அதே நண்பகலில் வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் புகையிலைக்கும் நீர் வேண்டித் தோட்டங்கள் காய்கின்றன. பத்து மணி முதல் மூன்று மணி வரை இறைப்புக்கு மின்னைப் பாதி விலைக்குத் தாருங்கள். கமக்காரன் நண்பகலில் இறைத்துத் தொட்டியில் தேக்கி மாலையிற் பாய்ச்சுவான். மண்ணெண்ணெய்ச் செலவு குறையும். மின்வலைக்கும் நுகர்வார் கிடைப்பர். மலிவென்று அளவின்றி இறைத்துச் சுண்ணக்கல் நிலத்தின் நன்னீரை உவராக்கும் ஆபத்தும் உண்டு. ஆகவே கிணற்றுக்கு இத்தனை அலகு என்று மீற்றரிலேயே அளவு வையுங்கள். குளிரறை, அரிசி ஆலை, பனிக்கட்டி ஆலை ஆகியவற்றுக்கும் இதே விலையைத் தரலாம்.

இதற்கு வெளிநாட்டுக் கடன் வேண்டாம். புதிய சட்டமும் வேண்டாம். கட்டணப் பட்டியலில் ஒரு வரி போதும். வரும் சித்திரைக்கு முன் அவ்வரி எழுதப்படுமா, அல்லது மீண்டும் ‘அணையுங்கள்’ என்ற அறிவித்தலே வருமா என்பதைப் பாராளுமன்றத்திலுள்ள நம் பிரதிநிதிகள் எழுந்து கேட்கட்டும்.